வெள்ளத்தன்று சொன்ன வார்த்தைகள்

ஜனவரி 11

தம்பிக்கு,

இத்தனை வருடங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். அதற்கு முன் நலம் விசாரிப்பது முறை. உன் நலத்தை நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தினமும் எட்டு மணிச் செய்தியில் பார்க்கிறேன். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. உன் மனைவிக்கும் பிள்ளைக்கும் என் அன்பு. இங்கே எனக்கு முதுகுவலி. உன் அண்ணிக்குத் தலைவலி. காரணம் நான்தான் என்கிறாள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன். நீ பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நமக்குள் அதுதான் ஏற்பாடு. காகிதத்திலாவது நான் முதலில் பேசுகிறேன்.

நிலையத்துக்கு இது வெள்ளிவிழா ஆண்டு. கேசட் கடை மாடியில் தொடங்கிய நம் உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு இன்று சொந்தக் கட்டடம், கண்ணாடிக் கதவு, வாசலில் சீருடைக் காவலாளி எல்லாம் வந்துவிட்டன. பின்பக்கம் ஒரு புதிய ஒளிப்பதிவு அரங்கு எழும்பியிருக்கிறது. அதற்கு உன் பெயரை வைக்கப்போகிறார்களாம். நேற்று மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். சின்னப் பையன், வெள்ளம் வந்த வருடம் தொட்டிலில் கிடந்திருப்பான்.

"உங்க தம்பி பேருதான் சார் அரங்குக்கு. சந்தோஷம்தானே?"

"எதுக்காக அவன் பேரு?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? வெள்ளத்தன்னைக்குக் கையில ஒரு குறிப்புகூட இல்லாம சாயங்காலம் முழுக்கப் பேசினாரே! ஊரே உயிர் பிழைச்சுதே!"

"அன்னைக்குப் பேசினது பூரா யார் எழுதினதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எழுதினதா?" என்று சிரித்தான் பையன். "நல்லா ஜோக் அடிக்கிறீங்க சார்."

ஜோக். தொடங்கிய நாள்முதல் அந்த நிலையத்தில் செய்தி எழுதிக்கொண்டிருப்பவன் நான். அணையைத் திறந்துவிட்டார்கள் என்று தகவல் வந்த அந்த மாலை உனக்கு மறந்திருக்காது. நம் சந்தில் மின்கம்பம் சாய்ந்ததால் ஜெனரேட்டர் போட்டோம். அது என் அறை ஜன்னலுக்கு வெளியே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு காதில் போனை அழுத்தி, மறு காதைத் தோளால் பொத்தி, வந்த தகவலையெல்லாம் வாக்கியமாக்கி, ஒட்டுப்பலகைத் தடுப்பில் வயர் போவதற்காக வெட்டியிருந்த ஓட்டை வழியாக நீட்டினேன். ஒவ்வொரு முறையும் உன் கை வந்து வாங்கிக்கொண்டது. மாலை முழுவதும் நான் பார்த்தது உன் கையை மட்டும்தான்.

ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. முதலாளி வாங்கித் தந்த நாலைந்து டேப்பையே அழித்து அழித்துப் பதிந்தோம். வெள்ளத்தின் மேலேயே அடுத்த வாரம் துணிக்கடை விளம்பரத்தைப் பதிந்தது நானும் நீயும்தான்.

வெள்ளிவிழா மலரில் அந்த மாலையைப் பற்றி ஓர் அத்தியாயம் வருகிறது. வார்த்தைகள் என்னுடையவை என்று நீ மேலாளருக்கு ஒரு வரி எழுது. பலகையில் உன் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும். ஓய்வு பெறும்வரை அதன் கீழே குனிந்து போய் வருகிறவன் நான். எனக்கு அந்த ஒரு வரியாவது வேண்டும்.

உன் அண்ணன்

*

ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. முதுகுவலிக்கு வைத்தியரைப் பார்த்தீர்களா? நாற்காலியை மாற்றச் சொல்லிப் போன வருடமே சொன்னேன். அண்ணியை நாங்கள் விசாரித்ததாகச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பல் விழுந்து முளைக்கிறது. பெரியப்பா மாதிரி எடுப்புப் பல்லாக வருமோ என்று இவள் கவலைப்படுகிறாள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அரங்குக்கு என் பெயர் வேண்டாம் என்று நான் முன்பே சொன்னேன். கேட்கவில்லை. மேலாளருக்கு இன்று இப்படி எழுதியிருக்கிறேன்: "வெள்ளத்தன்று என் அண்ணன் பக்கத்து அறையிலிருந்து மாலை முழுவதும் எனக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் இல்லாமல் அன்று என்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே முடிந்திருக்காது." விழா மேடையிலும் இதையே சொல்வேன்.

இது போதும்தானே அண்ணா?

அன்புத் தம்பி

*

பிப்ரவரி 2

தம்பிக்கு,

நலம். வைத்தியரைப் பார்த்தேன். நாற்காலியில் குறை இல்லையாம், உட்கார்ந்திருப்பவனிடம்தானாம்.

'எழுதிக் கொடுத்தார்' என்று போட்டிருக்கிறாய். 'நான் அதைத்தான் வாசித்தேன்' என்று ஏன் போடவில்லை? வக்கீலிடம் காட்டிவிட்டு எழுதினாயா? கொடுத்தவன் நான், சரி. கொடுத்தது என்ன ஆயிற்று என்று சொல்ல ஏன் உனக்கு வாய் வரவில்லை?

போன வாரம் முடிவெட்டப் போயிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து துணியைப் போர்த்தியதுமே கடைக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"உங்க தம்பிக்குப் பலகை வைக்கிறாங்களாமே! வைக்கணும் சார். நான் கட்டிலைத் தூக்கலாமா பீரோவைத் தூக்கலாமான்னு நிக்கிறேன். 'பாத்திரம் பண்டத்தைப் பாக்காதீங்க, ஏறுங்க மேல! மிதக்குறது மிதக்கட்டும், நீங்க மிதக்காதீங்க'ன்னாரு பாருங்க, அப்படியே போட்டுட்டு ஏறிட்டேன்."

"அவன் அப்படிச் சொல்லல," என்றேன். "'தாழ்வான பகுதிகளில் வசிப்போர் தங்கள் உடைமைகளைப் பொருட்படுத்தாது உடனடியாக மேல்தளங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' இதுதான் வாசகம். நான் எழுதினது."

கத்தரிக்கோல் நின்றது. "அதுவா? அதைக் கேட்டிருந்தா நான் இன்னும் கீழதான் சார் நின்னுக்கிட்டிருப்பேன்."

காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கழுத்தில் துணியோடு எழுந்து போகவும் முடியவில்லை. ஊர் ஞாபகம் இப்படித்தான் இருக்கிறது. ஒரு நல்ல வாக்கியத்தை முழுசாக வைத்துக்கொள்ள யாருக்கும் துப்பில்லை. கடித்துக் குதறி வைத்திருக்கிறார்கள். இப்படிப் பேசுகிறவர்களைத் திருத்தித் திருத்தியே அலுவலகத்தில் எனக்குத் 'திருத்தம்' என்று பட்டப்பெயர். "திருத்தம் வந்தாச்சா?" என்று என் காதுபடக் கேட்கிறார்கள்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நம்மிடம் டேப் இல்லாவிட்டால் என்ன? அன்று வீட்டில் வி.சி.ஆர். வைத்திருந்த யாராவது பதிந்திருக்கலாம். 'வெள்ள நாள் ஒளிபரப்பின் பதிவு வைத்திருப்போர் நிலையத்தை அணுகவும்' என்று திரையின் அடியில் ஓடவிடச் சொல்லியிருக்கிறேன். டேப் கிடைக்கட்டும். யார் வார்த்தை என்பதை அதுவே சொல்லும்.

உன் அண்ணன்

*

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

பதில் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். வேலை அதிகம். எல்லாரும் நலம். அண்ணிக்குத் தலைவலி குறைந்ததா?

டேப் எதற்கு அண்ணா? அந்தக் காலத்து டேப் பூஞ்சை பிடித்திருக்கும். போட்டால் மெஷினும் கெட்டுப்போகும். கிடைத்தாலும் படம் தெரியாது, கோடு கோடாக ஓடும்.

அந்த அத்தியாயத்தை நீங்களே எழுதுங்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறபடி எழுதுங்கள். உங்கள் வாக்கியங்கள் அத்தனையையும் போடுங்கள். நான் மறுக்க மாட்டேன். யார் கேட்டாலும் அண்ணன் எழுதியிருப்பதுதான் சரி என்று சொல்வேன். தேடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அன்புத் தம்பி

*

மார்ச் 26

தம்பிக்கு,

நலமாக இருப்பாய். இருக்காமல் என்ன?

உன் கடிதத்தை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "பாவம், அவர் எவ்வளவு இறங்கி வர்றார்!" என்றாள். இறங்கி வருகிறவன் மேலே இருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

மெஷின் கெட்டுவிடுமாம்! நிலையத்து மெஷினைப் பற்றி உனக்கு என்ன திடீர் அக்கறை? தலைநகரத்துக்காரர்கள் கார் அனுப்பியபோது, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறிப் போனவன் நீ. போகும்போது தலையை வெளியே நீட்டி, "அண்ணா, ஸ்டேஷனைப் பாத்துக்குங்க" என்றாய். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டி எல்லாவற்றுக்கும் எழுதியவன் நான், மேடை ஏறியவன் நீ. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அலமாரியைத் திறந்து, "சின்னவன் வாங்கினது" என்று கோப்பைகளைக் காட்டுவார். 'பெரியவன் எழுதினது' என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. கோப்பைகளுக்குத் தூசி தட்டும் வேலை மட்டும் பெரியவனுக்கு. கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியவன் நான். நீ எப்படித் தேறினாய் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். இன்றைக்குக் கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் என்னை நிறுத்தி, "நீங்க அவரோட அண்ணனா? அதே மூக்கு!" என்கிறார்கள். மூக்கு எனக்குத்தான் முதலில் வந்தது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். ஊர் கொண்டாடுவது உன் முகத்தை என்றாலும், அந்த வாயிலிருந்து வந்தது என் சொல் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் உன்னால் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. நீ பயப்படுகிறாய். அதனால்தான் தேடாதே என்கிறாய். நான் தேடுவேன்.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

என் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. நலமென்று எடுத்துக்கொள்கிறேன்.

டேப் கிடைத்துவிட்டது!

மேட்டுத்தெருத் தையல்கடைக்காரர் கொண்டுவந்தார். அன்று ஏதோ பந்தாட்டத்தைப் பதிய வி.சி.ஆரைத் தயார் செய்துவைத்தாராம். தப்பான சேனலில் வைத்துவிட்டார். ஆட்டம் போய்விட்டதே என்ற கடுப்பில் டேப்பைப் பெட்டி அடியில் எறிந்தவர், அதன்பின் தொடவே இல்லை. "எங்க வீட்டுக்காரி இன்னைக்கும் சொல்லிக் காட்டுறா சார், பட்டனைச் சரியா தைக்கத் தெரிஞ்சவருக்குச் சரியா அழுத்தத் தெரியலியேன்னு," என்றார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பூஞ்சை ஒன்றும் இல்லை. துடைத்துக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தார்கள், படம் தெரிகிறதாம். நான் பார்க்கவில்லை. அரைகுறையாகப் பார்க்க எனக்கு மனமில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, அலுவலகக் கூடத்தில், பெரிய திரையில் போடப்போகிறோம்.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 27

அண்ணாவுக்கு,

நலம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். டேப்பை முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். பிறகு வேண்டுமானால் எல்லாருக்கும் போடுங்கள். இல்லையென்றால் நான் வரும்வரை பொறுங்கள். விடுப்புக் கேட்டிருக்கிறேன், இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். நான் சொல்வதை இந்த ஒரு தடவை கேளுங்கள் அண்ணா.

தம்பி

*

மே 3

தம்பிக்கு,

தனியாகப் பார்க்கவா? பார்த்துவிட்டு நீயும் நானும் வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம், வெளியே தெரிய வேண்டாம், அப்படித்தானே? காதில் பூச்சுற்ற வேறு ஆளைப் பார். ஆள் அனுப்பிக் கூட்டம் சேர்த்திருக்கிறேன். அலுவலகம் மொத்தமும் வருகிறது. முடிவெட்டுகிறவர் கடையடைத்துவிட்டு வருகிறார். அன்று கேமரா பிடித்த நம் ஒட்டகத்தையும் கூப்பிட்டேன். ஓய்வு பெற்றும் கழுத்து நீளம் குறையவில்லை. "அன்னைக்கு அவன் நான் எழுதினதைத்தானே வாசிச்சான்? நீ சொல்லேன்யா," என்றேன். "நான் போக்கஸ்ல கண்ணா இருந்தேன் சார்," என்று நழுவினான். அவனுக்கும் உன்னிடம் பயம். உன் அண்ணிக்கு முன்வரிசை.

நீ வரத் தேவையில்லை. எப்படியும் திரையில் இருக்கப்போகிறாய்.

உன் அண்ணன்

*

ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

நலமா? முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே மழை. பிள்ளைக்குப் பல் நேராகத்தான் வந்திருக்கிறது. போன் செய்தேன், நீங்கள் வெளியே போயிருப்பதாக அண்ணி சொன்னார்கள். பின்னால் உங்கள் இருமல் கேட்டது.

நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

அன்புத் தம்பி

*

ஜூலை 6

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

அண்ணியோடு பேசினேன். "நல்லாத்தான் இருக்கார். சாப்பிடுறார், தூங்குறார், ஆபீஸ் போறார். இப்பல்லாம் யாரையும் திருத்துறது இல்ல," என்றார்கள். எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பயமாக இருக்கிறது.

மலரில் வெள்ளத்து அத்தியாயம் மட்டும் இன்னும் வரவில்லை என்று மேலாளர் என்னிடம் கேட்கிறார். அண்ணன்தான் எழுதுவார், காத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறபடியே எழுதுங்கள் அண்ணா. நான் அன்று சொன்னது சொன்னதுதான். டேப்பை அவர்கள் பார்த்திருந்தால் என்ன? புத்தகத்தில் இருப்பதுதான் நிற்கும்.

அன்புத் தம்பி

*

ஜூலை 29

தம்பிக்கு,

நலம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. போன் வந்தபோது வீட்டில்தான் இருந்தேன்.

பார்த்தேன். எல்லாரோடும் சேர்ந்து பார்த்தேன். தையல்கடைக்காரருக்கு நடு நாற்காலி. கையில் பேனாவும் காகிதமும் வைத்திருந்தேன், என் வாக்கியம் ஒவ்வொன்றும் வரும்போது குறித்துக்கொள்ள.

படுக்கை விரிப்பைத் தொங்கவிட்ட அந்தச் சுவரும், மைக்கில் இரைச்சல் விழுகிறதென்று நிறுத்திவைத்த மின்விசிறியும், வேர்த்து வழிகிற நீயும் தெரிந்தீர்கள். இடது ஓரத்தில் ஓட்டை. அதிலிருந்து ஒரு கை வந்தது. விரலெல்லாம் மை. என் கைதான். கூடத்தில் கை தட்டினார்கள். நீ சீட்டை வாங்கினாய். ஒரு பார்வை பார்த்தாய். நிமிர்ந்தாய்.

"பேக்கரிக்குப் பின்னாடி இருக்கிற அக்கா, அம்மா, உங்களைத்தான் சொல்றேன். பள்ளிக்கூட மாடி திறந்திருக்கு. வாத்தியாரே வாசல்ல நிக்கிறார். குழந்தையைத் தூக்குங்க, கிளம்புங்க. வேற எதையும் எடுக்காதீங்க. நான் இங்கேயேதான் இருக்கேன், எங்கேயும் போகல."

நான் எழுதியிருந்தது, 'பள்ளிக் கட்டடம் தற்காலிக முகாமாகச் செயல்படும்' என்று. எழுதிய சீட்டை நீ இரண்டாக மடித்து விசிறிக்கொண்டாய். கூடமே சிரித்தது. உன் அண்ணிகூடச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் கை வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்தாய், மடித்தாய், விசிறினாய், பேசினாய். முடிவெட்டுகிறவர் சொன்னதும் வந்தது. ஓர் எழுத்து பிசகவில்லை. மிதக்கிறது மிதக்கட்டும் என்று நீ சொன்னபோது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பாவம், உடனே திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வாக்கியம், என் வாக்கியம் ஒன்றே ஒன்று உன் வாயிலிருந்து வந்தால் போதும் என்று டேப் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஒட்டகம் கிட்டே வந்து, "அன்னைக்கே தெரியும் சார். உங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது உன் அண்ணி, "நீங்க சீட்டு கொடுக்கலைன்னா பள்ளிக்கூட மாடி திறந்திருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"தகவலை எவன் வேணாலும் கொண்டுவந்திருக்கலாம்."

"எவனும் கொண்டுவரலையே. நீங்கதானே கொண்டுவந்தீங்க."

அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

உனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நான் ஊரெல்லாம் திருத்திக்கொண்டு அலைந்தது தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கும். சொல்லவில்லை. புத்தகத்திலும் பொய்யே இருக்கட்டும் என்று விட்டுத்தரத் தயாராக இருந்தாய். உன்னைத் திருடன் என்று நினைத்துத்தான் இத்தனை காலம் தாங்கிக்கொண்டேன். திருடன்மேல் கோபப்பட்டால் போதும். இப்போது கோபத்துக்கும் வழியில்லாமல் அடைத்துவிட்டாய். மிச்சம் இருப்பது பொறாமை மட்டும்தான். சுத்தமான, சாக்குச் சொல்ல முடியாத பொறாமை. பேச்சு உனக்கு, முகம் உனக்கு. போகட்டும் என்று பார்த்தால், நல்ல மனசையும் நீயே எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கென்று எதையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா?

அத்தியாயத்தை எழுதிவிட்டேன். டேப்பில் இருப்பதை இருக்கிறபடி எழுதினேன். 'அன்று பேசியவருக்கு யாரும் எழுதித் தரவில்லை. அவர் பார்த்ததும் பேசியதும் எதிரே நிற்கும் ஒருவரிடம் பேசுவதுபோல் இருந்தது' என்று ஒரு வாக்கியம். என் வாழ்க்கையில் இவ்வளவு அடித்துத் திருத்திய வாக்கியம் வேறில்லை. 'எழுதித் தரவில்லை' என்பது தப்பென்று நீ சொல்வாய். சீட்டுகள் வந்ததையும் போடு, கையையாவது போடு என்பாய். போடவில்லை. விசிறிகளைப் பற்றி வரலாற்றில் எழுத என்ன இருக்கிறது?

தட்டச்சு செய்து முடித்ததும் அடியில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். படிக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பது உடனே காதில் கேட்டது: 'தம்பிக்காக அண்ணன் எவ்வளவு பெருந்தன்மையா எழுதியிருக்கார் பாத்தீங்களா!' எனக்குப் பெருந்தன்மை கிடையாது. எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் வயிறு எரிந்தது. இல்லாத ஒன்றுக்காக இன்னொரு தடவை கைதட்டு வாங்க என்னால் முடியாது.

பெயரைக் கத்தரித்துவிட்டேன். காகிதம் அடியில் கொஞ்சம் கோணலாக இருக்கிறது, பரவாயில்லை. அண்ணன்தான் எழுதுவார் என்று நீ சொல்லிவைத்ததற்கு, என்னால் முடியாது என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் மேஜையில் நான் கொண்டுபோய் வைத்தால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். அதனால் தினமும் வேலைக்குப் போகிற இடத்துக்கே தபாலில் அனுப்பப்போகிறேன். நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஒரு கணம் பயந்தேன். என் நடையைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அங்கே யாரும் என்னைப் படித்ததில்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைக்கும் என் அன்பு. விழாவுக்கு வருவாய், பலகைக்குக் கீழே உன் பக்கத்தில் நிற்கச் சொல்வார்கள், நிற்பேன். என்னிடம் அதைப்பற்றி எதுவும் பேசாதே. அத்தியாயத்துக்கான உறை தயாராக இருக்கிறது, தபால்தலை ஒட்டியாயிற்று. இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் மறுநாளே போன் செய்து சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். ஆகவே அத்தியாயத்தைப் போலவே இதையும் கையெழுத்தில்லாமல் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரப்போகிறேன். யார் எழுதியது என்று தெரியாதவன் போலவே இரு.